ஈரான் செய்தி வந்தால் டீசல் வாங்கிப் பதுக்கலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு ஓட்டுகிறேன். ஈரான், அமெரிக்கா என்று செய்தி வந்தாலே டீசல் ஏறிவிடுமோ என்று பயம். சம்பா அறுப்புக்கு முன்பே நாலு பேரல் வாங்கி வைக்கலாமா? நரிமணத்திலேயே எண்ணெய் எடுக்கிறார்களே, நமக்கு எதற்கு உலக விலை?”

பேரல் வேண்டாம். நாள்பட வைத்தால் ஈரம் இறங்கி ஃபில்டரை அடைக்கும், தீ ஆபத்து வேறு.

நரிமணத்தைப் பொறுத்தவரை, நம் மண்ணில் எடுத்தாலும் அந்தக் கச்சா எண்ணெய்க்கு உலகச் சந்தையை ஒட்டித்தான் விலை. தவிர, நாட்டின் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி.

நாடுகள் முறைத்துக்கொள்வதால் மட்டும் ஏறும் விலை நிலைக்காது. வரத்து நிற்குமா என்பதுதான் வியாபாரிகளின் கணக்கு. 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அப்போது உலகம் செலவழித்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஈரானை ஒட்டிய குறுகலான கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. அது அடைபடுமோ என்ற பயத்தில், பீப்பாய்க்கு 70 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்த பிரென்ட் எண்ணெய் (உலகச் சந்தைக்கு அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெய்) 80 வரை போனது. 24-ம் தேதி சண்டை நின்றதும் மளமளவென்று இறங்கிவிட்டது. 2018-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஈரான் எண்ணெய் மீது அமெரிக்கத் தடை வருகிறதென்று அக்டோபரில் 86 டாலரைத் தொட்டது. கடைசி நேரத்தில் இந்தியா உட்பட எட்டு நாடுகள் தொடர்ந்து வாங்க அமெரிக்கா சலுகை கொடுத்தது. பகை அப்படியே இருந்தது. ஆனாலும் டிசம்பர் கடைசியில் விலை 50 டாலர் பக்கம். அந்தச் சலுகையும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, பங்க் விலை? அது டெல்லியின் கையில் இருக்கிறது என்பேன். தினசரி விலை மாற்றம் 2017-லேயே வந்துவிட்டது, ஆனால் பல சமயம் காகிதத்தில்தான். 2020-ல் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்கு விழுந்தபோது டீசல் கலால் வரியை ஒரே அடியாக 13 ரூபாய் ஏற்றினார்கள். இறக்கம் நம் கைக்கு வரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ரஷ்யப் போரால் பிரென்ட் 139 டாலரைத் தொட்டபோது பங்க் விலை அசையவே இல்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்த பிறகு, மாதக் கடைசியில் 80 பைசா, 80 பைசாவாக ஏறியது. மே மாதம் 6 ரூபாய் வரியைக் குறைத்தார்கள்.

ஆகவே மிரட்டல் பேச்சுகளை விட்டுவிடுங்கள். தடை அமலுக்கு வருகிறதா, கப்பல் நிற்கிறதா, தேர்தல் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் என்பது 159 லிட்டர். 10 டாலர் ஏற்றம் பல மாதம் நீடித்து முழுதாக நம் தலையில் விழுந்தால் லிட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் ஏறும். உங்கள் மெஷின் மணிக்கு 10 லிட்டர் குடித்தால் 50 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. புரோக்கரிடம் வாடகை பேசும்போதே, டீசல் 3 ரூபாய்க்கு மேல் ஏறினால் மணிக்கு இவ்வளவு கூடும், இறங்கினால் குறையும் என்று சொல்லிவிடுங்கள். இறங்கினால் குறையும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வயல்காரர் ஒத்துக்கொள்வார்.