ஒரு கப் சர்க்கரைக்குப் பதில் எவ்வளவு தேன்? கப்பை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள்

"கேக் ரெசிப்பியில் ஒரு கப் சர்க்கரை என்று போட்டிருக்கிறது. அதற்குப் பதில் தேனோ மேப்பிள் சிரப்போ சேர்த்தால் அதே ஒரு கப் ஊற்றலாமா? வேறு எதையாவது மாற்ற வேண்டுமா?" என்பது கேள்வி.

அதே ஒரு கப் ஊற்றக் கூடாது. தேன் என்றால் முக்கால் கப் போதும். கூடவே, ரெசிப்பியில் உள்ள பால் அல்லது தண்ணீரில் 3 டேபிள்ஸ்பூன் குறைக்க வேண்டும். கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேர்க்க வேண்டும். ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் இறக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருமுறை புரிந்துகொண்டால், தேன் மட்டுமில்லை, கையில் எந்த இனிப்புப் பாகு கிடைத்தாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சமையலைப் பொறுத்தவரை தேன் என்பது சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த கலவை. அதன் எடையில் ஏறக்குறைய 17, 18 சதவீதம் தண்ணீர். மீதி பெரும்பாலும் சர்க்கரைகள்தான். ஒரு கப் சாதாரணச் சர்க்கரை 200 கிராம். ஒரு கப் தேன் சுமார் 340 கிராம். ஒரே கப், ஆனால் எடையில் இவ்வளவு வித்தியாசம். சர்க்கரை மணிகளுக்கு நடுவே காற்று நிற்கிறது, தேனில் இடைவெளியே இல்லை.

இப்போது முக்கால் கப் தேனை எடுத்துக்கொள்வோம். எடை 255 கிராம். அதில் தண்ணீர் சுமார் 45 கிராம், சர்க்கரை சுமார் 210 கிராம். ரெசிப்பி கேட்டதோ 200 கிராம் சர்க்கரை. அது கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது. அந்த 45 கிராம் தண்ணீர்தான் நீங்கள் பாலில் குறைக்க வேண்டிய 3 டேபிள்ஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி அல்லவா. காலம் காலமாகச் சொல்லிவரும் "முக்கால் கப்" என்ற கணக்கு இந்தக் கூட்டல் கழித்தலோடு இவ்வளவு அழகாகப் பொருந்துவது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம்.

ஆக, நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள்: அந்தப் பாகில் சர்க்கரை எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை சதவீதம். சர்க்கரை அளவு பாட்டில் லேபிளிலேயே இருக்கும். 100 கிராமில் சர்க்கரை அல்லது கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்று பாருங்கள். 67 என்று போட்டிருந்தால் மீதி 33-ஐத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் மேப்பிள் சிரப் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். சில லேபிள்களில் 100 கிராமுக்குப் பதில் 100 மில்லி என்று கணக்கு எழுதியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும்.

மேப்பிள் சிரப்பையே போட்டுப் பார்ப்போம். 200 கிராம் சர்க்கரை வேண்டுமென்றால் 300 கிராம் சிரப் ஊற்ற வேண்டும். அதோடு 100 கிராம் தண்ணீரும் உள்ளே போகிறது. ரெசிப்பியில் 240 மில்லி பால் இருந்தால் 140-ஆகக் குறைத்துவிடலாம், பிரச்சினை இல்லை. ஆனால் மொத்தப் பாலே கால் கப்தான் என்றால் எங்கிருந்து குறைப்பது? அப்போது முக்கால் கப், அதாவது சுமார் 240 கிராம் சிரப்போடு நிறுத்திக்கொண்டு, இனிப்பு கொஞ்சம் மட்டாக இருக்கும் என்று ஏற்றுக்கொள்வேன். அல்லது பாதிக்குச் சர்க்கரை, பாதிக்குச் சிரப். பெரும்பாலும் நான் செய்வது இந்தப் பாதிக்குப் பாதிதான். சிரப்பின் வாசனையும் கிடைக்கும், கேக்கின் பதமும் கெடாது.

தேனுக்கு மட்டும் ஏன் சோடா, ஏன் சூட்டைக் குறைப்பது? தேன் புளிப்புத் தன்மை உள்ளது, அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 4-ஐ ஒட்டி இருக்கும். நாக்கில் இனிப்பு அதை மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கால் டீஸ்பூன் சோடா அந்தப் புளிப்பைச் சமன் செய்து, கேக் உப்பவும் கொஞ்சம் உதவுகிறது. ரெசிப்பியில் ஏற்கெனவே சோடா இருந்தால் கூடுதலாகப் போடாதீர்கள். சோப்பு மாதிரி ஒரு சுவை தட்டும். சூட்டுக்குக் காரணம் வேறு. சாதாரணச் சர்க்கரை சுக்ரோஸ், தேனில் இருப்பவை பெரும்பாலும் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். இவை மாவிலும் முட்டையிலும் உள்ள புரதத்தோடு சேர்ந்து சீக்கிரமாகவே சிவக்கும். போதாக்குறைக்கு, ஃப்ரக்டோஸ் சுக்ரோஸைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும். 180 டிகிரியில் வைத்தால் மேற்புறம் கரும்பழுப்பாகிவிடும், நடுவில் குச்சியை விட்டு எடுத்தால் பச்சை மாவு ஒட்டும். 165-க்கு இறக்கிவிட்டு, மேலே நிறம் வந்ததும் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள்.

சரி, அளப்பதற்கு வருவோம். பாதித் தவறு மாற்றுவதில் நடப்பதில்லை, அளப்பதிலேயே நடந்துவிடுகிறது.

சாதாரணச் சர்க்கரை கப்பில் அளக்கச் சாதுவானது. மாவு மாதிரி அமுங்கிக்கொள்ளாது. அள்ளி, மேலே கத்தி முதுகால் வழித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். பிரவுன் சுகர் அப்படி இல்லை. ஈரப்பசை இருப்பதால் கட்டி கட்டியாக நிற்கும், நடுவே பொந்து விழும். அழுத்தி நிரப்பினால் ஒரு கப் 215, 220 கிராம் பிடிக்கும். சும்மா அள்ளினால் அதில் கால் பங்கு காணாமல் போகலாம். ரெசிப்பிகளில் ஒரு கப் பிரவுன் சுகர் என்றால் அழுத்தி நிரப்பியது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பைக் கவிழ்த்தால் அது கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் சரியான அழுத்தம். பொடித்த சர்க்கரையோ, அதாவது ஐசிங் சுகரோ, நேர் எதிர். ஒரு கப்புக்கு 120 கிராம்தான் பிடிக்கும், சலித்தால் இன்னும் குறையும். ஆகவே ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் ஐசிங் சுகர் போட்டவர்கள், உண்மையில் பாதியைவிடச் சற்று அதிகமாகத்தான் போட்டிருக்கிறார்கள். எடையில் சமமாகப் போட்டாலும் பிஸ்கட்டின் பதம் மாறும், ஏனென்றால் கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் கட்டி விழாமலிருக்கச் சோள மாவு கொஞ்சம் கலந்திருக்கும்.

கப்பிலும் இரண்டு விதம் உண்டு. அமெரிக்கக் கப் 237 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி. மாவு, சர்க்கரை, பால் எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாது, கவலை வேண்டாம். முட்டைதான் சிக்கல், அது கப்புக்குத் தக்கபடி பெரிதாகாது. ஆஸ்திரேலிய ரெசிப்பி என்றால் டேபிள்ஸ்பூன் 15 மில்லி இல்லை, 20 மில்லி.

தேன், சிரப் அளக்க என்னுடைய ஒரே சிபாரிசு எலக்ட்ரானிக் தராசு. மாவு கலக்கும் பாத்திரத்தையே தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, நேராக அதில் ஊற்றுங்கள். 255 வந்ததும் நிறுத்திவிடலாம். கப்பும் அழுக்காகாது, ஒட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. ஒன்றிரண்டு ஸ்பூன் அளவுதான் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. தேன் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பிறகு எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். −20 என்று காட்டினால் 20 கிராம் வெளியே போயிருக்கிறது. தேனில் அது கிட்டத்தட்ட ஒரு டேபிள்ஸ்பூன்.

தராசு இல்லையென்றால் கப்பின் உட்புறம் எண்ணெய் தடவிவிட்டு ஊற்றுங்கள். ரெசிப்பியில் எண்ணெய் இருந்தால் முதலில் அதே கப்பில் எண்ணெயை அளந்துவிட்டு, கழுவாமல் தேனை அளக்கலாம், வழுக்கிக்கொண்டு முழுதாக இறங்கும். இல்லாவிட்டால் சுவரில் படிந்து நிற்பதே ஒரு டேபிள்ஸ்பூன் தேறும். இன்னொன்று, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் உள்ள மில்லி கோட்டைக் கிராம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீருக்கு இரண்டும் ஒன்று. தேனில் 100 மில்லி என்பது 140 கிராம். உறைந்த தேனை அப்படியே அளக்க வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, இளகியதும் அளங்கள்.

அப்புறம், இனிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் கிடையாது. ஃப்ரக்டோஸ் சர்க்கரையைவிட இனிப்பு அதிகம், குளுக்கோஸ் குறைவு. ஃப்ரக்டோஸ் நிறைந்த அகேவ் சிரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கப்பே போதும். குளுக்கோஸ் சார்ந்த கார்ன் சிரப்பை (சோளப் பாகு) இனிப்புக்காகச் சேர்த்தால் ஏமாற்றம்தான். கேரமலிலும் மிட்டாயிலும் சர்க்கரை மணி மணியாகத் திரும்பாமல் தடுப்பதே அதன் வேலை. ஃப்ரக்டோஸில் இன்னொரு குணமும் உண்டு. குளிர்ச்சியில் அதிகம் இனிக்கும், சூட்டில் இனிப்புக் குறையும். ஒரே அளவு தேன் கலந்தாலும் குளிர்ந்த பானம் தூக்கலாகவும் சூடான பானம் மட்டாகவும் தெரிவது அதனால்தான். கலவையைச் சூடாக ருசி பார்த்துவிட்டுத் தேனை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

எங்கே மாற்றவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் நிறையப் பேர் சொல்லாமல் விடுகிறார்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் கேக்கில், சர்க்கரையின் கூர்மையான மணிகள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. தேனுக்கு அந்த வேலை தெரியாது. முழுதும் தேன் போட்டால் கேக் கனத்துப்போகும். எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக், மஃபின் போன்றவற்றில் தாராளமாக மாற்றலாம். மொறுமொறுவென்று வர வேண்டிய பிஸ்கட்டில் தேன் வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாளே நமுத்துவிடும். அதே குணம் கேக்குக்கு நல்லது, சீக்கிரம் காயாது. முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் மெரிங்கில் சர்க்கரைதான் நுரையைத் தாங்கி நிறுத்துகிறது, அங்கே கை வைக்காதீர்கள். ஜாமிலும் அப்படித்தான். பழத்தில் உள்ள, ஜாமை உறையவைக்கும் சாதாரண பெக்டின் கெட்டியாகச் செட்டாக 60 சதவீதத்தை ஒட்டிய சர்க்கரை வேண்டும், கெடாமல் காப்பதும் அந்தச் சர்க்கரைதான். ஈஸ்ட் ரொட்டியில் ஒன்றிரண்டு ஸ்பூன்தான் சர்க்கரை என்றால் கணக்கே வேண்டாம், அதே அளவு தேன் விடுங்கள்.

சர்க்கரைக்குப் பதிலாகத் துளியளவு போடும் இனிப்பூட்டிகளான ஸ்டீவியா, சுக்ரலோஸ் பற்றியும் சிலர் கேட்பார்கள். சுக்ரலோஸ் சர்க்கரையைப்போல் சுமார் 600 மடங்கு இனிப்பு, ஸ்டீவியா 200 முதல் 300 மடங்கு. இனிப்பு வந்துவிடும், ஆனால் 200 கிராம் சர்க்கரை கேக்கில் அடைத்திருந்த இடத்துக்கு என்ன செய்வது? ஈரம், மென்மை, நிறம், உயரம் எல்லாம் அந்தச் சர்க்கரையோடு சேர்ந்தே போய்விடும். பானத்திலும் கஸ்டர்டிலும் இவற்றைப் போடலாம். கேக்குக்கு என்றால், இவற்றுக்கென்றே எழுதிய ரெசிப்பியைத் தேடுவதுதான் நல்லது.

எதிர்த்திசையிலும் கணக்கு ஒன்றுதான். ரெசிப்பி ஒரு கப் தேன் கேட்கிறது, வீட்டில் சர்க்கரைதான் இருக்கிறது. 340 கிராம் தேனில் ஏறக்குறைய 280 கிராம் சர்க்கரை, 60 கிராம் தண்ணீர். எழுதிவைத்த குறிப்புகள் சொல்வது ஒன்றேகால் கப் சர்க்கரை, அதாவது 250 கிராம், கூடவே கால் கப் தண்ணீர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். நான் 250-ஐத்தான் எடுப்பேன், இனிப்பு போதுமானதாகவே இருக்கும். தேனின் புளிப்புக்காகச் சேர்த்த சோடா ரெசிப்பியில் இருந்தால், புளிப்பே இல்லாத இடத்தில் அது தனியாக நிற்கும். சேர்க்க வேண்டிய அந்தத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்காகத்தான் தேனுக்கு மாறுகிறீர்கள் என்றால், தயவுசெய்து மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை பாருங்கள். முக்கால் கப் தேனில் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. வாசனைக்காக மாறலாம், ஈரப்பதத்துக்காக மாறலாம். இரத்தச் சர்க்கரையை மனதில் வைத்து மாறுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை சாப்பிடப்போகிற எதிலும் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும், வீட்டு ஓவன் சூட்டில் அவை அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தக் கேக்கைச் சர்க்கரை போட்டே செய்யுங்கள், அல்லது குழந்தைக்குக் கொடுக்காமல் விடுங்கள்.