கேள்வி பதில்: இரண்டு அணிக்கு ஒரு கோப்பை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடும், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பாலில், எஸ்.இ.சி. கூட்டமைப்பின் 2025ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் மழையால் கைவிடப்பட்டு, இரண்டு அணிகளுமே சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டதாகப் படித்தேன். மறுநாள் ஆடியிருக்கக் கூடாதா? இந்தப் போட்டியின் வரலாற்றையும் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தாங்கள் படித்தது சரிதான். ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் மே 10 அன்று ஓக்லஹோமாவும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் மோதவிருந்த ஆட்டம் மழையில் நின்றுபோனது. கோப்பை இருவருக்கும் பொதுவானது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையே தேசியப் போட்டிக்கான 64 அணிகளின் பட்டியல் வெளியாகும், அந்த வாரக் கடைசியிலேயே அதன் முதல் சுற்றும் தொடங்கிவிடும் என்பதால், ஆட்டத்தைத் தள்ளிவைக்க இடமிருக்கவில்லை. ஆனால், தேசியப் போட்டியில் இடம் எப்படியும் கிடைக்கும் என்பதால், ஆடித்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடி இரு அணிகளுக்குமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் அமைப்பான சௌத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (எஸ்.இ.சி.) 1932இல் உருவானது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடை செய்த கூட்டாட்சிச் சட்டம் 1972இல் வந்தது. அப்படியிருந்தும் இக்கூட்டமைப்பு சாஃப்ட்பாலைத் தன் விளையாட்டுகளில் ஒன்றாகச் சேர்த்தது 1997இல்தான். ஓராண்டுக்கு முன், சாஃப்ட்பால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது ஆட்டங்கள் நடந்த ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரிலேயே முதல் கோப்பைப் போட்டியும் நடந்தது. சௌத் கரோலினா வென்றது. பிந்தைய ஆண்டுகளில் லூசியானா ஸ்டேட், அலபாமா, டென்னசி, ஃபுளோரிடா ஆகியவை மாறி மாறிக் கோப்பையை எடுத்துச் சென்றன. போட்டியை நடத்தும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழக மைதானங்களுக்குள் சுற்றி வருகிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகம் 2017இலும் ஆர்கன்சா 2022இலும் முதன்முறையாக வென்றன. கொரோனாவால் 2020இல் போட்டியே இல்லை. ஓக்லஹோமாவும் டெக்சஸும் 2024இல் சேர்ந்த பிறகு உறுப்பினர்கள் பதினாறு ஆனார்கள். ஆனால் களமிறங்குபவை 15 அணிகள்தான், ஏனெனில் வாண்டர்பில்ட்டுக்கு சாஃப்ட்பால் அணியே கிடையாது.

கேள்வி: லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்த அணி இருக்கும்போது, தனியாக இந்தக் கோப்பை எதற்கு? (திருச்சி வாசகி)

பதில்: நியாயமான கேள்வி. எஸ்.இ.சி.யில் ஒவ்வோர் அணியும் வாரத்துக்கு ஒரு எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள் வீதம், எட்டு வாரங்களில் 24 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் முதலிடம் பெறும் அணியையே லீக் சாம்பியன் என்கிறார்கள்; 2025இல் ஓக்லஹோமா சேர்ந்த முதல் ஆண்டிலேயே அப்பட்டத்தைப் பெற்றது. கோப்பைப் போட்டியோ ஒரே வாரத்தில் முடியும் நாக்-அவுட். 43 அடி தூரத்திலிருந்து கையைச் சக்கரமாகச் சுழற்றி, தோளுக்குக் கீழிருந்து பந்தை எறியும் பிட்ச்சர் ஒருத்தி அடுத்தடுத்த நாட்களில் ஆட நேரும் வாரம் அது. ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ் சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எது சிறந்த அணி என்று அறிய 24 ஆட்டங்களே மேலான உரைகல் என்பது என் கருத்து.

ஆனால் சிறிய கூட்டமைப்புகளில் கதை வேறு. தேசியப் போட்டியின் 64 இடங்களில் ஏறக்குறைய பாதி, கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மீதியைத் தேர்வுக் குழு நிரப்பும். பெரும்பாலான கூட்டமைப்புகள் கோப்பைப் போட்டியின் வெற்றியாளரையே தம் சாம்பியனாக அனுப்புவதால், குழுவின் பார்வை படாத அணிக்கு அந்த ஒரு வாரம்தான் வாசல். பெரிய கூட்டமைப்பின் அணிகள் தோற்றாலும் குழு அழைத்துக்கொள்ளும்: 2017இல் எஸ்.இ.சி.யின் 13 அணிகளும் தேசியப் போட்டிக்குள் நுழைந்தன. அதே ஆண்டு மின்னசோட்டா 54 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்குடன் பிக் டென் என்ற தன் கூட்டமைப்பின் கோப்பையையும் வென்று, பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்தும், குழு அதற்கு முதல் 16 தரவரிசைக்குள் இடம் தரவில்லை. சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பையும் இழந்து, எஸ்.இ.சி. அணியான அலபாமாவின் மைதானத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது. அந்த முடிவு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

கோப்பை எதற்கும் உத்தரவாதமல்ல என்பதற்கு 2025ஐயே பாருங்கள். அதைப் பகிர்ந்துகொண்ட டெக்சஸ் ஏ அண்ட் எம் தேசிய அளவில் முதல் தரவரிசை பெற்றது. சொந்த மண்ணிலேயே லிபர்ட்டி பல்கலைக்கழகத்திடம் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. முதல் தரவரிசை அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. தேசியச் சாம்பியன் ஆனதோ, அதே கூட்டமைப்பில் கோப்பை கிடைக்காத வேறொரு பல்கலைக்கழகமான டெக்சஸ்.

கேள்வி: எல்லாக் கூட்டமைப்புகளிலும் இந்தப் போட்டி உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: தேசியக் கோப்பைகளை அள்ளிக் குவித்த யு.சி.எல்.ஏ.வும் (லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அரிசோனாவும் இருந்த, மேற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான பாக்-12, லீக் ஆட்டங்களே போதும் என்று நெடுங்காலம் இருந்துவிட்டது. அதன் முதல் கோப்பைப் போட்டி 2023இல் டூசான் நகரில் நடந்து, யூட்டா வென்றது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் யு.சி.எல்.ஏ. வென்றது. அந்தக் கோடையிலேயே பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வேறு கூட்டமைப்புகளுக்குப் பிரிந்து சென்றன.