சைக்கிளுக்கும் சிவப்பு சிவப்புதானா?

வணக்கம் ஐயா,

சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிப் பினாங்கைச் சுற்றி வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். 20 வருடமாக லோரி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக வந்து சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிறார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். நான் அப்படிப் போனால் சம்மன் வீடு தேடி வரும். ரோட் டெக்ஸும் அவர்கள் கட்டுவதில்லை. ரோட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

ஒரு லோரிக்காரர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

ரோட் டெக்ஸை முதலில் முடித்துவிடலாம். இங்கே மலேசியாவில் பெட்ரோல் காருக்கு இஞ்சின் சிசியைப் பார்த்துத்தான் வரி. 1000 சிசிக்குள் என்றால் ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). பழைய கஞ்சில் கார் அவ்வளவுதான் கட்டுகிறது. இஞ்சினே இல்லாத சைக்கிளுக்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சந்தியில் ஒருவர் என்ன செய்வார் என்று மற்றவர் ஊகித்துத்தான் எல்லாரும் வண்டி ஓட்டுகிறோம். பச்சையில் வருகிற உங்களுக்கு அந்த ஊகம் பொய்க்கக்கூடாது. ஒருவழிப் பாதையில் எதிரே வருவதும், இருட்டில் விளக்கில்லாமல் வருவதும் அதே குற்றம்தான். அப்பா காலத்தில் விளக்கில்லாத சைக்கிளை மாத்தா (போலீஸ்காரர்) பிடித்து நிறுத்துவாராம். அது நல்ல வழக்கம்.

நானும் சுத்தமான ஆள் இல்லை. ஒருநாள் விடிகாலை ஐந்தரை மணி, பர்மா ரோட்டுப் பக்கம் ஒரு சந்தி. சில சந்திகளில் தாருக்கு அடியில் கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள். மேலே ஒரு வண்டியின் உலோகம் வந்து நிற்பது அதற்குத் தெரிந்தால்தான் விளக்கு மாறும். என் சைக்கிளை அது ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை. சிவப்பு சிவப்பாகவே கிடந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு ரொட்டிக்காரர் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் பச்சை விழுந்தது. "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா அங்கள்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் வராத நாட்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்திருக்கிறேன். தள்ளாமலும் கடந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982லேயே சைக்கிளுக்கென்று தனியாக ஒரு விதி செய்தார்கள். 'நில்' பலகை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வருகிறவருக்கு வழிவிட்டுப் போகலாம், காலை ஊன்ற வேண்டியதில்லை. நம் ஊருக்கு அது வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மறுநாளே மோட்டார்க்காரர்கள் எல்லாரும் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் 'ஒரே சட்டம்' என்கிறீர்களே, அது இப்போதே இல்லை. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். அதில் உங்கள் லோரி போகலாம், மோட்டார் போகலாம், என் சைக்கிள் போகக்கூடாது. அதனால்தான் அன்று ஃபெர்ரி ஏறினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, வேகம் 20 கிலோமீட்டர். ஒரு கார் 1300 கிலோ, வேகம் 60 என்று வையுங்கள். எடை பதினைந்து மடங்குக்குச் சற்று மேல், வேகம் மூன்று மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் மோதுகிற சக்தி ஒன்பது மடங்காகும் என்பதால், மொத்தத்தில் ஏறக்குறைய 138 மடங்கு. லோரிக்கு நான் கணக்குப் போடவில்லை. பாலத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற சட்டம், அபராதம் போடும்போதும் ஆளில்லாத சந்தியிலும் அதைப் பார்க்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அப்புறம் அந்த ஹாரன். லோரி ஹாரன் முதுகுக்குப் பின்னால் அலறினால் கை தானாக ஹேண்டிலை இடப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் லோங்காங், அதாவது சாக்கடை. அவர்கள் முறைத்தது அதற்காக இருக்கலாம்.