மாமியாரோடு பொம்பெய்: எந்த வாசல் வழியாகப் போவது?

கேள்வி: மே மாதக் கடைசியில் இத்தாலி போகிறோம். நானும் கணவரும், 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். நேப்பிள்ஸில் தங்கி ஒரே நாளில் பொம்பெய், ஹெர்குலேனியம் என்ற இரண்டு பழைய ரோமானிய ஊர்களையும் பார்த்துவிட முடியுமா? ‘இடிஞ்ச சுவர்ல பார்க்க என்ன இருக்கு’ என்று மாமியார் இப்போதே கேட்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். பொம்பெய் மட்டும் போங்கள், அதுவும் அரை நாள். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன அந்த ஊரின் பரப்பு 66 ஹெக்டேர். 1748இல் தோண்டத் தொடங்கி, இன்றுவரை மூன்றில் இரண்டு பங்குதான் வெளியே வந்திருக்கிறது. அதையே ஒரு நாளில் பார்த்து முடிக்க ஆகாது. வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிற குடும்பங்கள் மதியத்துக்குள் ஓய்ந்துபோய் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே நிழல் மிகக் குறைவு.

உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான முடிவு வாசல்தான். பலரும் சொரெந்தோ போகும் ரயிலில் ‘பொம்பெய் ஸ்காவி’ நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள போர்த்தா மரினா வாசலில் நுழைவார்கள். அங்கே எடுத்த எடுப்பிலேயே கல் பாவிய செங்குத்தான ஏற்றம். முழங்கால் வலிக்கு அது ஆகவே ஆகாது. நீங்கள் ஊரின் மறுகோடியிலுள்ள பியாட்சா அன்ஃபிதியாத்ரோ வாசலுக்குப் போங்கள். ‘பொம்பெய் சந்துவாரியோ’ நிலையம் அந்தப் பக்கம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகச் சமப்படுத்திய, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை அந்த வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. மற்ற தெருக்களெல்லாம் எரிமலைக்கல் பாளங்கள். இடுக்கில் கால் மாட்டும். மாமியார் புடவையே கட்டி வரட்டும், காலுக்கு மட்டும் பின்வார் உள்ள நல்ல ஷூ இருக்கட்டும்.

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயரும் இருக்கும். அதனால் பாஸ்போர்ட் கையில் வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 30 சென்டிமீட்டருக்கு மேல் நீள அகலமுள்ள பையை உள்ளே விடமாட்டார்கள். காலி பாட்டில் கொண்டுபோனால் தெருக்குழாய்களில் குடிநீர் பிடித்துக்கொள்ளலாம்.

சரி, மாமியாரின் கேள்விக்கு வருவோம். அவரிடம் மன்னர்கள் கதையைத் தொடங்காதீர்கள். ‘வியா தெல்லபொந்தான்சா’ என்ற பெரிய தெருவில் இருக்கும் வெதுதியுஸ் பிளாகிதுஸின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போங்கள். தெருவைப் பார்த்த கல்லா மேடை, அதில் பதித்த வாயகன்ற மண்சாடிகள். ஒரு சாடிக்குள் கிட்டத்தட்ட 3 கிலோ காசு கிடைத்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கடைக்காரர் விட்டுவிட்டுப் போன பணம். பின்சுவரில் சின்னதாக ஒரு சாமி மாடம்: வியாபாரத்துக்கு மெர்குரி, மதுவுக்கு டயோனிசஸ், கீழே காவலுக்கு இரண்டு பாம்புகள். கல்லாவுக்கு மேலே சாமி படம் மாட்டிய கடைகளைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே நின்று அவர் பார்த்து முடிக்கும் வரை அவசரப்படுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கு அந்தத் தெருவே போதும். நடுவே உயரமான கற்கள் வரிசையாக இருக்கும். அழுக்குத் தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடப்பதற்காகப் போட்டவை, வண்டிச் சக்கரம் போக இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். சக்கரம் அரைத்த தடங்களைத் தேடச் சொல்லுங்கள். அப்புறம், வாசலுக்கு அருகிலேயே இருக்கும் அரங்கம் கி.மு. 70 வாக்கில் கட்டியது, 20,000 பேர் உட்காரலாம். ரோமிலுள்ள கொலோசியத்தைவிட 150 ஆண்டு மூத்தது.

மூன்று இடங்களில் முன்யோசனை தேவை. லுபனார் என்பது விபச்சார விடுதி, சுவரெல்லாம் அதற்கேற்ற ஓவியங்கள். ‘வெத்தியி வீடு’ என்ற பழைய மாளிகையின் நுழைவிலும் அப்படி ஒரு படம் உண்டு. மூன்றாவது, அரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள ‘தப்பியோடியவர்களின் தோட்டம்’. இறந்தவர்களின் உடல் மக்கிப்போய்ச் சாம்பலில் உண்டான வெற்றிடத்தில் பிளாஸ்டர் குழம்பு ஊற்றி உருவங்களை எடுக்கும் முறையை 1863இல் தொல்லியலாளர் ஜூசெப்பே ஃபியோரெல்லி கொண்டுவந்தார். இந்தத் தோட்டத்தில் 13 பேர், குழந்தைகளும் உண்டு. சிலை என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். 11 வயதுப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு அமைதியாகக் கூட்டிப் போகலாம். சின்னதை அழைத்துப் போகவேண்டாம்.

அன்றைக்குக் காலை மாமியாரின் கால் ஒத்துழைக்காவிட்டால் மட்டும் ஹெர்குலேனியம் பக்கம் போங்கள். அது சிறியது, மாடி வீடுகளும் கரிந்த மரச்சாமான்களும் அப்படியே நிற்கின்றன. ஆனால் நிலையத்திலிருந்து இறக்கம், திரும்பும்போது ஏற்றம். டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள்.

ஹெர்குலேனியத்துக்கு வைத்திருந்த நேரத்தை மறுநாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். பொம்பெயின் நல்ல ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் சொன்ன சாப்பாட்டுக் கடை வரிசையிலேயே ஒரு வீட்டில் 1938இல் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. பொம்பெய் லட்சுமி என்பார்கள், யட்சி என்போரும் உண்டு. அதை வழக்கமாக வைத்திருப்பது காம ஓவியங்கள் உள்ள தனி அறை. பிள்ளைகளோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் மாமியாரை அழைத்துப் போய்க் காட்டலாம். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு பொம்பெய்க்கு நாள் குறியுங்கள்.