ஒரு சட்டி, ஐந்து பேர்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் வீட்டுக்கு வர 5.30 ஆகிவிடும். பிள்ளைகள் இருவரும் ரியூசன் முடிந்து 7 மணிக்குப் பசியோடு வருவார்கள். கணவர் வர 9 மணி. மாமிக்கு நீரிழிவு, முழங்கால் வலியால் கனநேரம் நிற்கவும் முடியாது. பிட்டோ இடியப்பமோ அவித்து, கறி, சொதி, சம்பல் என்று செய்து, ஏதனம் கழுவி முடிக்க 10 மணி தாண்டுகிறது. இப்போது கிழமையில் நாலு நாள் கடைச் சாப்பாடுதான். ஒரே சட்டியில் சமைத்துவிடலாமா என்று கேட்டால், "அது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு" என்கிறார் மாமி. என்ன செய்யலாம்?
— கொக்குவில் (யாழ்ப்பாணம்) வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாகச் சமைக்கலாம். மாமியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கூழ் காய்ச்ச எத்தனை சட்டி வைக்கிறோம்? அரிசி, கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, நண்டு, இறால் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கிற சாப்பாடு அது. அதைக் காய்ச்சல்காரரின் சாப்பாடு என்று இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் வளர்ந்த வீட்டிலும் 1990களில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு சட்டிதான். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், இருக்கிற விறகுக்குள் ஒரே தரம் அடுப்பை மூட்டி அம்மா சமைத்து முடிப்பார். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது எனக்குக் கைகொடுத்ததும் அம்மாவின் அந்தக் கணக்குத்தான்.

கணக்கு என்றேன், அது சட்டிக்குள் எது முதலில் போக வேண்டும், எது கடைசியில் போக வேண்டும் என்பது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அவித்தால் மாமி சொல்வதுபோல்தான் வரும்: கரட் குழைந்து, இலை கறுத்து, பால் திரைந்து போகும். ஒழுங்காகப் போட்டால் அதே சாமானில் வேறு சாப்பாடு கிடைக்கும்.

முதலில் பயற்றஞ்சோற்றைப் பழகுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்றரைச் சுண்டு (அரிசி அளக்கிற பேணி) சிவப்புப் பச்சையரிசி, அரைச் சுண்டு பாசிப்பயறு போதும். பயற்றை ஞாயிற்றுக்கிழமையே வாசம் வரும்வரை வறுத்துப் போத்தலில் போட்டு வையுங்கள். வேலையால் வந்ததும் அரிசியையும் பயற்றையும் கழுவி ஊறப்போட்டுவிட்டு, முகம் கழுவித் தேத்தண்ணி குடியுங்கள். அரை மணித்தியாலம் ஊறினால் நல்லது.

பிறகு அடி தடித்த சட்டியை வைத்து, எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், நாலு பல்லு உள்ளி, கறிவேப்பிலை போட்டுத் தாளியுங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் பாதித் தாளிதத்தை ஒரு கிண்ணத்தில் வழித்து எடுத்து வைத்துவிடுங்கள். இதைத் தவற விடாதீர்கள். சட்டியில் இருக்கிற பாதி சோற்றோடு அவிந்து அடங்கிவிடும். எடுத்து வைத்த பாதியைக் கடைசியில் மேலே போடும்போதுதான் வாசம் குசினியைத் தாண்டிப் படலை வரை போகும்.

சட்டியில் மிச்சமிருக்கும் தாளிதத்தில் அரிசி, பயறு, கொஞ்சம் மஞ்சள் போட்டு இரண்டு தரம் பிரட்டி, அதே சுண்டால் ஏழு சுண்டு தண்ணீர் விடுங்கள். கொதித்ததும் தணலைக் குறைத்து மூடி, இருபது நிமிடம் அதை மறந்துவிடலாம். பிள்ளைகளின் கொப்பி பார்க்கிற நேரம் அது. அதன்பின் பூசணி, கரட், போஞ்சி, உப்புப் போட்டு இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அரிசி அரிசிக்குத் தக்கபடி தண்ணீர் கேட்கும். இறுகினால் சுடுதண்ணீர் விடுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். பயறு விரலுக்குள் மசிந்தால் ஒரு பெரிய பிடி முருங்கையிலை. இலை நிறம் மாறத் தொடங்கும்போதே ஒரு கோப்பை முதற்பால். பால் விட்டபின் கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை நிற்பாட்டுங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பை நிற்பாட்டிய பிறகுதான்.

கணவரின் பங்கைப் பால் விடுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். நம் வெயிலுக்குத் தேங்காய்ப்பால் சேர்ந்த சாப்பாடு வெளியில் இருந்தால் கெதியில் பழுதாகும். பாலைப் பிரிட்ஜில் வைத்து, அவர் வந்தபின் சூடாக்கும்போது விட்டால் அப்போதுதான் இறக்கியது மாதிரி இருக்கும். மாமிக்கும் அதே சட்டிதான். அவருடைய பங்கில் சோறு குறைவாகவும் இலையும் மரக்கறியும் கூடவும் வரும்படி அகப்பையால் பார்த்து அள்ளுங்கள். எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் முட்டைச் சொதி. இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள், அதற்காக மனம் வருந்த வேண்டாம். ஆனால் சொதி வீட்டில் இருக்கட்டும். உருளைக்கிழங்கை இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சளோடு அவியவிட்டு, கிழங்கு வெந்ததும் ஐந்து முட்டையை ஒவ்வொன்றாக ஒவ்வொரு இடத்தில் உடைத்து ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு அகப்பையைத் தொடக்கூடாது. பிறகு முதற்பால், அடுப்பை நிற்பாட்டித் தேசிக்காய். முட்டை அவிக்கத் தனிச் சட்டி இல்லை, கோது உரிக்கிற வேலையும் இல்லை.

கீரைப்பிட்டு தெரியும்தானே? குழைத்த மாவோடு கீரை, சின்ன இறால், வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தால் பிட்டும் கறியும் ஒன்றாக முடிந்தது. இரவில் பிட்டு வேண்டும் என்று மாமி சொல்கிற நாளுக்கு இதுதான்.

கூழைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கு மா) காலையிலேயே நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று தரம் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால் கசப்புப் போகும். பலாக்கொட்டையும் மரவள்ளியும் பிடி அரிசியும் முதலில், பயற்றங்காய் பிறகு, நண்டும் மீனும் அதற்குப் பிறகு. பழப்புளியை அவசரப்பட்டு விடாதீர்கள். புளி விழுந்தால் கிழங்கும் கொட்டையும் வேகப் பிந்தும். எல்லாம் வெந்தபின் அரைத்த செத்தல் மிளகாய், புளி, கரைத்த மா. இறாலை மா விடுகிற நேரம் போட்டால் போதும், முதலே போட்டால் இறுகி றப்பர் மாதிரி ஆகிவிடும். மா விட்டபின் கை ஓயாமல் துழாவுங்கள், அடிப்பிடிக்கும்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாப்பாட்டைக் குறை சொல்வதாக எனக்குப் படவில்லை. குசினியில் நிற்க முடியாமல் போனவருக்குச் சமையலில் ஒரு பங்கு வேண்டும். கதிரையில் இருந்தபடி வெங்காயம் உரிக்கலாம், தேங்காய்ப்பூவில் பால் பிழியலாம். உப்புப் பார்க்கிற வேலையை முழுதாக அவரிடமே விட்டுவிடுங்கள்.

புதன்கிழமை பயற்றஞ்சோறு என்று வைத்துக்கொண்டால், முருங்கையிலையைச் செவ்வாய் பின்னேரமே திருநெல்வேலிச் சந்தையிலோ அயல் வீட்டு மரத்திலோ எடுத்து, கொப்போடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். விடியத் துணியைப் பிரித்து உதறினால் இலை தானாக உதிரும். மிச்சக் காம்பை மாமி பொறுக்கித் தருவார்.