ராஜினாமா கடிதத்தை மூடி வையுங்கள்

"அக்கா, குழந்தைக்கு ஆறு மாதம். பேறுகால விடுப்பு முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஊரிலிருந்து வந்த அம்மா 90 நாள் விசா முடிந்து போய்விட்டார். கணவர்தான் மூன்றாவது மாதத்திலிருந்து விடுப்பில் இருக்கிறார், குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்ததும் அவரும் வேலைக்குப் போக வேண்டும். எனக்கு முடியவில்லை. வேலையை விட்டுவிட்டால் புளூ கார்டு என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா என்று அழைத்த உரிமையில் சொல்கிறேன்: ஓய்வு எடுங்கள், ராஜினாமா மட்டும் செய்யாதீர்கள். ஜெர்மனியில் இவை இரண்டும் வேறு வேறு.

ராஜினாமா செய்தால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் புளூ கார்டின், அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் உங்கள் அனுமதியின், காலத்தைக் குறைக்கலாம். வேலையில்லாதோர் பணமும் நீங்களாக விட்டதற்காக 12 வாரம் வரை நிறுத்திவைக்கப்படலாம். எல்ட்டர்ன்சைட், அதாவது பெற்றோருக்கான குழந்தை வளர்ப்பு விடுப்பு, எடுத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒப்பந்தம் அப்படியே நிற்கும், புளூ கார்டும் கூடவே நிற்கும். குழந்தைக்கு 3 வயது ஆகும் வரை தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே இந்த உரிமை உண்டு. கணவர் எடுத்தது உங்கள் கணக்கில் கழியாது. ஏன் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. "உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிற்று" என்பதை யாரிடமும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் அடுத்த 2 ஆண்டுக்குள் எப்போதெல்லாம் விடுப்பு என்று குறிப்பிட வேண்டும். நான் நல்ல பிள்ளையாக ஒரு வருடம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதினால், இரண்டாம் வருடம் வருவேன் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். பத்தாவது மாதம் நீட்டிக்கக் கேட்டபோது மேலாளர் ஒப்பவில்லை. திரும்பிப் போனேன். ஒருநாள் கூட்டத்தில் அவர் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். அது என் பெயர்தான் என்று உறைக்கவே சில நொடிகள் ஆயின. எல்லாரும் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலி வரவில்லை என்று பொய் சொன்னேன். இரவில் மூன்று தடவை எழுந்து, காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் அப்படித்தான்.

அதனால் விடுப்புக் காலத்தைத் தாராளமாகவே எழுதுங்கள். நடுவில் கொஞ்சம் வேலை செய்யத் தோன்றினால், விடுப்பில் இருந்துகொண்டே வாரம் 32 மணி நேரம் வரை பகுதிநேரமாகச் செய்யலாம். 15 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 6 மாதம் வேலை பார்த்திருந்தால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமையே உண்டு.

பணத்துக்கு வருவோம். குழந்தை வளர்க்கும் பெற்றோருக்கு அரசு தரும் பணம்தான் எல்ட்டர்ன்கெல்ட். முழு எல்ட்டர்ன்கெல்ட் தாய் தந்தை இருவருக்கும் சேர்த்து 14 மாதம். உங்கள் பேறுகால விடுப்பில் 2 போயிற்று, கணவருடைய விடுப்பில் 6. மீதி 6, ஒன்பதாம் மாதத்திலிருந்து பதினான்காம் மாதம் வரை, அப்படியே உங்களுக்கு. பெரும்பாலோருக்குக் கைக்கு வந்த சம்பளத்தில் 65 சதவீதம் கிடைக்கும், ஆனால் மாதம் 1,800 யூரோவுக்கு மேல் போகாது. அதற்குப் பிறகு சேமிப்புதான், அதை இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அரசுக் காப்பீட்டில் கட்டாய உறுப்பினர் என்றால் விடுப்புக் காலத்தில் மருத்துவக் காப்பீடு தானாகவே தொடரும். சம்பளம் வரம்பைத் தாண்டி விருப்ப உறுப்பினராகவோ தனியார் காப்பீட்டிலோ இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பணம் கட்டச் சொல்லலாம். பென்ஷனைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு குழந்தைக்கு 3 ஆண்டு வளர்ப்புக் காலமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

பயோடேட்டாவில் ஓட்டை விழுமே என்ற பயம்? இங்கே தேதியைப் போட்டு 'எல்ட்டர்ன்சைட்' என்று ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், "சும்மா இருக்கும் நேரத்தில் ஜெர்மன் மொழியில் பி1 நிலையை முடித்துவிடு" என்று நம்மவர்கள் வரிசையாக வருவார்கள். நானும் ஏமாந்து வகுப்பில் சேர்ந்தேன். புத்தகம் மூன்றாம் பாடத்திலேயே இன்னும் கிடக்கிறது. முதல் மாதமாவது தூங்குங்கள். கட்டாயம் செய்ய வேண்டியது ரூக்பில்டுங் வகுப்பு ஒன்றுதான். பிரசவத்துக்குப் பின் அடிவயிற்றுத் தசைகளை மீட்கும் பயிற்சி, 10 மணி நேரத்துக்கு அரசுக் காப்பீடு பணம் தரும். ஆனால் குழந்தைக்கு 9 மாதம் ஆவதற்குள் முடித்திருக்க வேண்டும், இன்றே இடம் தேடுங்கள். இன்னொன்று: குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், விடுப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அது சோம்பல் அல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

விண்ணப்பம் விடுப்பு தொடங்குவதற்கு 7 வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். பணிநீக்கப் பாதுகாப்போ அதிகபட்சம் 8 வாரம் முன்புதான் தொடங்கும், ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு வாரத்தில் கொடுங்கள். அதுவரை அலுவலகத்தில் மூச்சுவிட வேண்டாம். 2025 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மின்னஞ்சலே போதும், கிடைத்தது என்று பதில் மட்டும் வாங்கிவிடுங்கள். கணவரின் கடைசி விடுப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த வாரம் அநேகமாக அடுத்த வாரமேதான்.