எக்ஸ்எம்எல் கோப்பை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையின் மாத விற்பனையை இணையப் பக்கத்தில் விளக்கப்படங்களாகக் காட்ட ஒரு மென்பொருள் வாங்க எண்ணியிருக்கிறோம். நிறம், தலைப்பு, எண் வடிவம் எல்லாவற்றையும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே (தரவைக் குறிகளுக்குள் எழுதிவைக்கும் உரைக்கோப்பு) மாற்றிக்கொள்ளலாம், நிரலாளர் தேவையில்லை என்கிறார் விற்பவர். விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது அந்தக் கோப்புக்கு அல்ல, அதைப் படித்துப் படம் வரையும் பகுதிக்கு. முன்பு இவ்வகை மென்பொருள்கள் பலவும் உலாவியில் தனியாக நிறுவ வேண்டிய அடோபி ஃபிளாஷ் என்ற செருகுநிரலில்தான் வரைந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் எதுவும் ஓடாதபடி தடுத்தபின், எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பிழையும் இல்லாத பக்கங்களிலும் படம் வரவில்லை. எனவே முதல் கேள்வி, படத்தை வரைவது, உலாவியே நேரடியாக இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டா என்பதுதான். எஸ்டபிள்யூஎஃப் (.swf) என்று முடியும் ஃபிளாஷ் கோப்புகளைக் கொடுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடுத்து, விற்பவரின் மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, கொல்கத்தாவில் உருவாகி, ஃபிளாஷிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிய ஃப்யூஷன்சார்ட்ஸ் என்ற விளக்கப்பட மென்பொருளில் ஒவ்வொரு மாதமும் 'செட்' என்ற ஒரு வரி. அதில் 'லேபிள்' என்பது மாதத்தின் பெயர், 'வேல்யூ' என்பது தொகை. தொகையை 420000 என்று காற்புள்ளியில்லாமல் எழுத வேண்டும். அப்படியே விட்டால் அது 420கே (ஆயிரம்) என்றும், 1250000 என்பது 1.25எம் (மில்லியன்) என்றும் படத்தில் வரும்; நம் கணக்குப்பிள்ளைகள் யாரும் இப்படிப் படிப்பதில்லை. 'நம்பர்ஸ்கேல்வேல்யூ' என்ற பண்பில் 1000,100,100 என்று கொடுத்து, அவற்றுக்கான அலகுகளாக ஆயிரம், லட்சம், கோடி என்று எழுதினால் 4.2 லட்சம் என்று காட்டும். நீங்கள் வாங்கும் மென்பொருளில் இதற்கு வழி உண்டா என்று கேளுங்கள்.

இரண்டு இடங்களில் கோப்பு இடறும். கிளையின் பெயரில் & குறி இருந்தால், அதை வெறுமனே எழுதக் கூடாது; எக்ஸ்எம்எல் விதிப்படி அதற்குரிய & என்ற மாற்றெழுத்தைத்தான் எழுத வேண்டும், இல்லையேல் அந்த ஒரு குறியால் கோப்பு முழுவதுமே படிக்கப்படாமல் போகும். தமிழில் தலைப்பு வைப்பதானால் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

உரிமம் ஓர் இணையதளத்துக்கா பலவற்றுக்கா, ஆண்டுக் கட்டணம் புதுப்பிக்காவிட்டாலும் வாங்கிய பதிப்பு ஓடுமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

சோதனைப் பிரதியைக் கணினியில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, படம் வரவில்லையே என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கணினியிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் இன்னொரு கோப்பைப் படிப்பதைக் குரோம் தடுக்கும். வழங்கியில் (சர்வரில்) ஏற்றிய பிறகு பாருங்கள்.